வால்யூட்டின் மூன்றாவது பொருள்

வால்யூட் என்ற ஒற்றைச் சொல் அகராதிக்காரரை வீட்டில் தலைகாட்ட முடியாமல் செய்துவிட்டது. உருட்டுவது என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல். தூணின் தலையில் சுருண்டு நிற்கும் கல் அலங்காரம் அதன் முதல் பொருள்; ஒருவகைக் கடல்நத்தை இரண்டாவது. மூன்றாவது, தண்ணீர் பம்பின் சுருள் கூடு. அதை அவருக்குச் சொன்னவள் அவர் மனைவி, பம்பு மெக்கானிக். "உன் சொல்லு அச்சுல வரும் பாரு" என்று அவரும் வாய் கொழுத்துச் சொல்லி வைத்திருந்தார்.

அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர் அம்மா மூன்றாவதை அடித்துவிட்டார். "அச்சுல வந்த ஒரு வாக்கியம் சாட்சியா வேணும். நாளைக்குக் கடைசி நாள்."

அகராதிக்காரர் நூலகத்தைப் புரட்டிப் போட்டார். தூண் கிடைத்தது, நத்தை கிடைத்தது, பம்பு மட்டும் கிடைக்கவில்லை. வேறு வழியின்றிப் பட்டறைக்குப் போய் மனைவியிடம் உண்மையைச் சொன்னார்.

"இருவது வருஷமா நான் கழட்டி மாட்டுறது சொல்லே இல்லையாக்கும்?" அவள் முகம் சுண்டிப்போனது.

"சொல்லுதாம்மா. சாட்சிதான் இல்ல."

"முதல்ல அது எப்படி இருக்கும்னாவது தெரியுமா?" கழற்றி வைத்திருந்த ஒரு பம்புக் கூட்டை நீட்டினாள். " விரல விட்டுப் பாருங்க."

விட்டார். வாயருகே தாராளமாக இருந்த வழி உள்ளே வளைய வளைய இடுங்கியது. ஆகா, இதுவல்லவா சுருள் என்று பரவசப்பட்டு இன்னும் கொஞ்சம் தள்ளினார். மாட்டிக்கொண்டது. சோப்பு, எண்ணெய், மூன்று மெக்கானிக்குகள், அரைமணி நேரம். பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது.

சாயங்காலம் அவள் பக்கத்து அச்சகத்தில் ஒரு எச்சரிக்கை அடித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டினாள். ஒரு பிரதியை அவரிடம் நீட்டினாள். "இந்தாங்க சாட்சி."

மறுநாள் பதிப்பாசிரியர் அம்மா அதைப் படித்தார். வீங்கிய விரலைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "செல்லும்."

"பின்பாதிய மட்டும் வெட்டிரலாமே?"

"சாட்சியில கைவைக்கக் கூடாது சார். போட்டா முழுசா, இல்லன்னா பம்பே வேணாம்."

தன் மானமா, அவள் சொல்லா? அகராதிக்காரர் வீங்கிய விரலைத் தடவிக்கொண்டார்.

"முழுசாவே போடுங்க."

அப்படியே அச்சேறியது: 'வால்யூட்டுக்குள் விரல் விடாதீர், அகராதி எழுதுபவராக இருந்தாலும் சரி.'