ஒன்பதாம் அத்தியாயம்

பத்து என்ற எண்ணின் மேல் வெள்ளை மையைத் தடவி, காயும்வரை ஊதி, அதன்மேல் கறுப்புப் பேனாவால் ஒன்பது என்று எழுதினார் டீச்சர். எழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டு நின்றது. ஜெராக்ஸ் எடுத்தால் தெரியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அடுத்து பக்க எண்கள். எதிரே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் தலையை நிமிர்த்தி, "என்ன டீச்சர், கள்ள நோட்டு அடிக்கிறீங்களா?" என்று கேட்டார். டீச்சர் சிரித்து வைத்தார். பதினெட்டு வருஷமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகளை ஏமாற்றுவதற்காகப் பேனாவை எடுப்பது இதுதான் முதல் தடவை.

ஆறாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வாசிப்பு என்றால் வேப்பங்காய். பாடப் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி வரும். அதனால் இந்த வருஷம் தலைமையாசிரியரிடம் மல்லுக்கு நின்று, வாரம் ஒரு வகுப்பை ஒரு சிறுவர் நாவலுக்காக வாங்கியிருந்தார். காணாமல் போன படகைத் தேடிப் போகும் ஒரு சிறுமி, அவளுடைய அம்மா, ஒற்றைக் காது நாய். இருப்பது ஒரே பிரதி. வியாழக்கிழமைதோறும் ஒரு அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுப்பார். முதலில் பிள்ளைகள் மனசுக்குள் வாசிக்க வேண்டும். பிறகு பென்சிலால் துப்புகளைக் கோடிட வேண்டும். கடைசியாக, புத்தகம் சொல்லாததை அவர்கள் சொல்ல வேண்டும். "ஒரு துப்ப வச்சு முடிவு பண்ணாதீங்க. ரெண்டு வேணும்," என்பது டீச்சர் போட்ட சட்டம். பிள்ளைகளும் போலீஸ்காரர்கள் மாதிரிக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினார்கள்.

அதில் எல்லோரையும்விட அதிசயம் புள்ளி என்ற பெண்தான். மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி அவள் கண்ணில் படவே படாது. பட்டம் என்பதைப் 'படடம' என்று வாசிப்பாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. இந்தப் படகுக் கதை வந்த இரண்டு மாதத்தில் அவள் ஒரு பக்கத்தை முக்கி முனகியாவது முடித்துவிடும் அளவுக்கு வந்திருந்தாள். எப்படி வந்தாள் என்பது போன வெள்ளிக்கிழமை அவளுடைய அப்பா வந்து சொன்ன பிறகுதான் டீச்சருக்குத் தெரிந்தது.

அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நகக்கண்ணில் கிரீஸ் இருந்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"அவ அம்மாவுக்கு டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க, டீச்சர். ஒரு மாசம், மிஞ்சிப் போனா ஒன்றரை மாசம்னு சொல்றாங்க. புள்ளைக்குத் தெரியாது. அவ அம்மாவுக்கும் தெரியாது. ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்னு சொல்லி வச்சிருக்கேன்."

 அவர் தொடர்ந்தார்.

"தினமும் சாயங்காலம் வார்டுல உக்காந்து உங்க கதையத்தான் படிச்சுக் காட்டறா. ஒரே பாடத்தயே ஏழு நாளும். அவ அம்மாவும் அடுத்த வாரம் என்ன ஆகும், படகு கெடைக்குமான்னுதான் கேட்டுக்கிட்டு இருக்கா. கதையில சோகமா எதுவும் வராதுல்ல?"

"வராதுங்க," என்றார் டீச்சர். ஒன்பதாம் அத்தியாயத்தில் சிறுமியின் அம்மா காய்ச்சலில் இறந்துபோகிறாள். எட்டு பக்கம். முதல் தடவை படித்தபோது டீச்சரே அழுதிருக்கிறார்.

அதனால்தான் இந்த வெள்ளை மை. ஒன்பதைத் தூக்கிவிட்டு, பத்தை ஒன்பதாக்கினார். உள்ளே இரண்டு இடங்களில் சாவு என்ற சொல் வந்தது. இரண்டுமே பத்தியின் கடைசி வாக்கியங்கள். நல்ல வேளை, அழித்தும் பல் விழுந்த இடம் மாதிரித் தெரியவில்லை. இறந்த, செத்த, போய்ச் சேர்ந்த என்று ஒவ்வொன்றாகத் தேடி, எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

வியாழக்கிழமை வகுப்பில் முப்பத்திரண்டு தலைகள் தாளின் மேல் கவிழ்ந்தன. சிறுமி ஆற்றங்கரைச் சேற்றில் ஒரு துடுப்பைக் கண்டெடுக்கும் இடம். வகுப்பில் வாய் ஓயாத பையன் ஒருவன் உண்டு. ரேடியோ என்றால் பள்ளிக்கூடத்துக்கே தெரியும். அவன்தான் முதலில் கை தூக்கினான்.

"டீச்சர், இதுல அவங்கம்மாவையே காணோம். அவ தனியா சுத்திக்கிட்டு இருக்கா."

"எங்க போயிருப்பாங்கன்னு நெனைக்கிற?" பூசி மெழுகப் பார்த்தார் டீச்சர்.

"கடைக்குப் போயிருப்பாங்க. கடன்காரன் மாதிரி எப்பப் பாத்தாலும் எங்கம்மாவும் அங்கதான் நிப்பாங்க."

வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் புள்ளி எழுந்து நின்றாள். தாளில் ஒரே ஒரு சொல்லின் கீழ் கோடு போட்டிருந்தாள்.

"நான் வாசிக்கவா டீச்சர்?" என்றாள். அவளாக வாசிக்கக் கேட்பது அதுவே முதல் தடவை. "அம்மா இ...ருந்...திருந்தால், து...டுப்பைப் பார்த்ததுமே அது யாருடையது என்று சொல்லியிருப்பாள்."

ஒரு புள்ளியைக்கூட விடவில்லை.  சாவை மட்டும் தேடிய டீச்சர் கண்ணில் இது படவில்லை. இருந்திருந்தால். ஊரில் வாயைத் திறக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற சொல். அதற்குள் ஒரு பிணம் கிடக்கலாம் என்று தமிழ் டீச்சருக்கே தோன்றவில்லை.

"கடைக்குப் போயிருந்தா, வந்ததும் கேட்டுக்கலாமே டீச்சர். இது அப்படி இல்ல. இனிமே கேக்கவே முடியாதுங்கற மாதிரி இருக்கு," என்றாள் புள்ளி. "அவங்கம்மா செத்துட்டாங்க. அது எழுதியிருக்கற பாடம் நம்மகிட்ட இல்ல."

வகுப்பு டீச்சரைப் பார்த்தது. வருஷம் முழுக்க அவர் கேட்டுக்கொண்டிருந்த விடை இதுதான். வேறு யார் சொல்லியிருந்தாலும் கரும்பலகையில் எழுதிப் போட்டுக் கைதட்டச் சொல்லியிருப்பார். "எல்லாரும் முதல் பத்திய நோட்டுல எழுதுங்க," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மணி அடிக்கும்வரை திரும்பவில்லை.

சாப்பாட்டு இடைவேளைக்கு எல்லோரும் ஓடினார்கள். புள்ளி மட்டும் போகவில்லை. மேசைக்கு அருகே வந்து நின்றாள்.

"டீச்சர், உயிரோட இருக்கறவங்கள 'இருந்திருந்தா'ன்னு சொல்லலாமா?"

"யார் சொன்னா?"

"போன ஞாயித்துக்கிழம அப்பா மாமாகிட்ட போன்ல சொன்னாரு. 'இவ படிச்சு முடிக்கறப்ப அவளும் இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா'ன்னு. நான் இப்பதான் ஆறாவது படிக்கறேன். அம்மா ஆஸ்பத்திரியிலதான இருக்காங்க. அப்பாவுக்கு இலக்கணம் வரலன்னு நெனச்சேன்."

அப்பாவுக்கு இலக்கணம் வராது என்று சொல்லிவிட்டால் போதும். அவள் நம்பிவிடுவாள், அல்லது நம்பியதுபோல் இருப்பாள். டீச்சர் வாயைத் திறந்தார். "அவசரத்துல ஏதாவது சொல்லியிருப்பாரும்மா. அத வச்சு..."

"ஒண்ணு பத்தாது, ரெண்டு துப்பு வேணும்னு நீங்கதான சொன்னீங்க?" புள்ளி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "ரெண்டு இருக்கு டீச்சர். எனக்காகத்தான அந்தப் பாடத்த எடுத்தீங்க?"

 டீச்சர் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மெக்கானிக் கைகட்டிக் கேட்ட ஒரே ஒரு காரியத்தைக் காப்பாற்றத் துப்பில்லை. இந்தப் பெண் வாசிக்கத் தெரியாதவளாகவே இருந்திருக்கக் கூடாதா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அப்படி நினைத்ததற்காகக் கூசிப்போனார். பிறகு, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

புள்ளி அழவில்லை. அழுதிருந்தால் அணைத்துக்கொண்டிருக்கலாம். அவள் பாவாடையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள். தூள் போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அப்பாகிட்ட சொல்லாதீங்க டீச்சர். எனக்குத் தெரியும்னு." தாளை நீவிவிட்டு, "இன்னைக்கு இத அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும்," என்றாள்.

"வேண்டாம். நான் வேற கதை தர்றேன். நல்ல சிரிப்புக் கதை இருக்கு."

"படகு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. காலையிலேர்ந்து அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பாங்க. ஆனா இந்த வார்த்தையக் கேட்டா ஒரு நொடியில கண்டுபிடிச்சிடுவாங்க. எங்கம்மா என்னவிடக் கெட்டிக்காரங்க."

புள்ளி கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வெளியே மைதானத்தில் பிள்ளைகளின் இரைச்சல். தட்டுகள் கழுவும் குழாயடியில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் எழுந்து போகவுமில்லை, அவள் பக்கத்தில் போகவுமில்லை.

அவள் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினாள். துடுப்பு வரும் இடத்தில் திக்கி நின்றாள். மறுபடி பத்தியின் ஆரம்பத்துக்குப் போனாள். மறுபடியும் நின்றாள். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ குரல் நிற்கவில்லை. தாளில் அவள் விரல் 'இருந்திருந்தால்' என்பதன் மேல் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்துகொண்டிருக்க, "அம்மா வந்ததும் இந்தத் துடுப்பைக் காட்ட வேண்டும், அது யாருடையது என்று அம்மாவுக்குத் தெரியும்," என்று அங்கே இல்லாத வரியை, ஒரு தடங்கலும் இல்லாமல், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள்.