சூசையப்பருக்குக் கதவு திறக்கும் ஊர்

இத்தாலிய எஜமானி சிஞ்ஞோராவின் ஊரில் ஏழைகள் தீர்ந்துபோய்விட்டார்கள். அதனால்தான் தொண்ணூற்று நான்காம் ஆண்டு சூசையப்பர் திருநாளுக்குப் பலெர்மோ நகரத்திலிருந்து அவர் வீட்டில் வேலை செய்யும் கிளறாவையும் புருஷன் பிறின்ஸையும் கூட்டிக்கொண்டு போக வேண்டி வந்தது.

மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், நடுவில் ஒரு கோயில், ஒரு கூட்டுறவு வைன் சாலை, சந்தியில் தொப்பி போட்ட கிழவர்கள். அவ்வளவுதான் ஊர். நூறு வருஷத்துக்கு முன் பேன் மாதிரி ஒரு பூச்சி வந்து திராட்சை வேரையெல்லாம் தின்று முடித்ததாம். பாதி ஊர் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. மிச்சப் பாதி சூசையப்பருக்கு நேர்த்தி வைத்தது. கொடி மறுபடி தளிர்த்தால், வருஷா வருஷம் மூன்று ஏழைகளைச் சூசையப்பர், மாதா, குழந்தை யேசு என்று திருக்குடும்பமாக உட்காரவைத்து, ஊரே கூடிச் சமைத்து, முதல் சாப்பாட்டை அவர்களுக்கே கொடுப்போம் என்று. கொடி தளிர்த்தது. இப்போது வீட்டுக்கு வீடு கார் நிற்கிறது. ஏழையாக உட்கார ஒருவருக்கும் மனமில்லை. சிஞ்ஞோரா கிளறாவைக் கேட்டுவிட்டார். குழந்தை யேசுவுக்கு மட்டும் தன் பேரனே போதுமாம்.

பிறின்ஸ் உடனே தலையாட்டினான். தம்பி பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று அவனுக்கும் ஒரு நேர்த்தி இருந்தது. தம்பி பேனாட்டும் அவன் மனைவி றம்யாவும் சண்டை நடக்கும் தங்கள் சொந்தத் தீவிலிருந்து வெளிக்கிட்டு மாதக்கணக்கு. மொஸ்கோவிலிருந்து ஒரு போன் வந்தது, பிறகு ஒன்றுமில்லை. எல்லையில் பிடித்துவிட்டார்களோ, பனிக்குள் விட்டுவிட்டார்களோ என்று பிறின்ஸ் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி இருப்பான்.

கிளறாவுக்கு அவர்கள் எங்கே என்று தெரியும். அதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

திருநாள் வாரத்துச் செவ்வாய்க்கிழமை பகல், பிறின்ஸ் வேலைக்குப் போயிருந்தபோது, பலெர்மோவின் கால்சா பகுதியில் அவர்கள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். "அண்ணா, நான் பேனாட்" என்றது குரல். அந்த ஒற்றை அறையில், கலியாணம் கட்டிய நாள் முதல், ஊரிலிருந்து வருகிறவர்கள் பாய் விரித்துப் படுத்தபடியே இருந்தார்கள். கடைசி ஆள் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புருஷனும் பெண்சாதியும் குரலைத் தாழ்த்தாமல் கதைத்த முதல் மாதம் அது. யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. வாய் திறந்தது, வந்தது சிஞ்ஞோராவின் குரல். பிறின்ஸைச் சிரிக்கவைக்க அவள் அடிக்கடி எடுத்துக்காட்டும் குரல்தான். அப்படி ஒருவரும் இங்கே இல்லை, இடமும் இல்லை, போங்கள் என்று சுத்தமான இத்தாலியனில் சொன்னாள். பேனாட் அவளைப் படத்தில் மட்டும் கண்டவன், குரல் தெரியாது. இரண்டு பேர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. ஒருவர் மிகவும் மெதுவாக இறங்கினார்.

வியாழக்கிழமை பஸ்ஸில், கூட வேலைக்குப் போகும் றோசமலரக்கா சொன்னாள்: "நகரத்துக்கு வெளியிலை, சியாகுல்லியிலை தோடம்பழத் தோட்டத்துக் கொட்டிலுக்கை புதுசா ஒரு சோடி நிக்குதாம். பேனாட் எண்டு பேராம். பெட்டைக்கு வயித்திலை பிள்ளையாம்." கிளறா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

சனிக்கிழமை திருநாள். கிளறாவுக்கு நீல முக்காடு, பிறின்ஸுக்கு மண்ணிற அங்கியும் தடியும். பாண்டு வாத்தியம் முன்னே போக, ஊர் பின்னே வந்தது. சூசையப்பர் மூன்று கதவைத் தட்ட வேண்டும் என்பது முறை. முதல் இரண்டிலும் துரத்துவார்கள், மூன்றாவது வீட்டில் விருந்து. நடிப்பு என்று படித்துப்படித்துச் சொல்லியிருந்தும், முதல் கதவில் ஒரு கிழவர் "இடமில்லை, போங்கள்" என்றதும் பிறின்ஸ் மன்னிப்புக் கேட்டுத் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டான். பலெர்மோவின் சீசா பகுதி முழுக்க வாடகை வீடு கேட்டு அலைந்த கால்கள் அவை. ஊர் சிரித்தது.

இரண்டாவது வீட்டில் கதவு திறக்கவே இல்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்தான் போகச் சொன்னது. கிளறா மூடிய அந்தக் கதவைப் பார்த்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பது இப்படித்தான் இருக்குமா?

"இஞ்சருங்கோ," என்றாள். "பேனாட் வந்தவர்."

"எங்கை?"

"எங்கடை வீட்டை. செவ்வாய்க்கிழமை. நான் திறக்கேல்லை."

நடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள், சியாகுல்லி உட்பட. மாதா செபம் சொல்கிறாள் என்று நினைத்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி வந்து அவள் கையை முத்தமிட்டாள். அந்தக் கையை வெட்டி எறிந்தால் என்ன என்று கிளறாவுக்கு இருந்தது.

பிறின்ஸ் ஒன்றுதான் கேட்டான். "அந்தப் பிள்ளைக்கு எத்தினை மாசம்?"

"தெரியாது. நான் பாக்கேல்லை."

மூன்றாவது கதவு திறந்தது. சூசையப்பர் வாய் வைக்காமல் ஊரில் ஒருவரும் சாப்பிட முடியாது. கோப்பைகளோடு காத்து நின்றார்கள். பிறின்ஸ் ஒவ்வொரு கறியிலும் ஒரு வாய் எடுத்தான், அவர்களுக்காக. பிறகு எழுந்து, தம்பி வந்துவிட்டான், இப்போதே போக வேண்டும் என்று சிஞ்ஞோராவிடம் சொன்னான். சிஞ்ஞோரா அழுதேவிட்டார். சூசையப்பரின் புதுமை, அற்புதம் என்றார். ஊர் கைதட்டியது. கூடை நிறைய ரொட்டி வந்தது, வைன் சாலைக்காரர் தன் காரை எடுத்தார். புதுமைக்காகக் கிளறாவை இன்னும் பலர் வந்து முத்தமிட்டார்கள்.

மாலை வெயிலில் சியாகுல்லிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுது முடிய வெகுநேரம் ஆனது. றம்யா கொட்டிலுக்குள் சாக்கை உதறி விரித்து, "இருங்கோ அக்கா" என்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது.

"விலாசம் சரிதான் அண்ணா," என்றான் பேனாட். "ஆனா உள்ளை ஒரு வெள்ளைக்கார மனுசி கத்தினவ. வீடு மாறிப்போட்டுதோ எண்டு திரும்பியிட்டம்."

"அவவைப் பிழை சொல்லேலாது," என்றாள் றம்யா. "நாங்கள் சொன்னது அவவுக்கு விளங்கேல்லை, பாவம்."

கிளறா வாயைத் திறந்தாள். பிறின்ஸ் முந்திக்கொண்டான்.

"ஓம்," என்றான், ரொட்டியைப் பிய்த்து றம்யாவிடம் நீட்டியபடி. கிளறாவின் பக்கம் அவன் திரும்பவில்லை. "அவவுக்கு எங்கடை பாசை தெரியாது."