மூக்கில் தொங்கிய நூல்

ஊசியக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை, கண்ணுகளா. இறந்தவர்களின் முகத்தை மெல்லிய மஸ்லின் துணியில் முடியளவு நூலால் தைத்துக் கொடுப்பாள். பார்த்தால் மூச்சு விடுகிறதோ என்று தோன்றும். துணியின் பின்பக்கத்தை மட்டும் ஒருவருக்கும் காட்டமாட்டாள். அங்கே முடிச்சும் பிசிறுமாகக் கோழி கிளறிய மாதிரி இருக்கும்.

பக்கத்துத் தெருவில் ஓர் அண்ணி. தெருவுக்கே அவள் அண்ணிதான். இறந்துபோன வீட்டுக்காரரின் படத்தைத் தைக்கக் கொடுத்திருந்தாள். இருந்தது தபால்தலை அளவில் அந்த ஒரே படம். மூன்று மாத வேலை. நினைவு நாளன்று நாலு மணிக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள். மூன்றரைக்கு ஊசியக்கா, தைத்த துணியைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, கூடத்தில் உறையைப் பிரித்தாள்.

"இது யாருடி?" என்றாள் அண்ணி.

"என்ன அண்ணி, உங்க வீட்டுக்காரரு!"

"அவருக்கு மச்சம் இடது கன்னத்துல. வலது கன்னத்துல இருந்தா அது என் கொழுந்தன்!"

கொழுந்தன், பத்து நிமிடம் பின்னால் பிறந்த இரட்டை. மச்சத்தை வைத்துத்தான் தெருவே ஆளைப் பிரித்துப் பார்த்தது. படத்தை மெல்லிய தாளில் வரைந்துகொண்ட ஊசியக்கா, தாளைத் திருப்பிப் போட்டுத் தைத்துத் தொலைத்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் வாயில் பிஸ்கட்டோடு உள்ளே வந்தார். சட்டத்தைப் பார்த்தார். பிஸ்கட் விழுந்தது.

"ஐயையோ! அண்ணி, நான் எப்போ போனேன்?"

"நீ எங்கயும் போகல. வாயத் துடை."

அண்ணி அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். "இன்னிக்காவது அவரு மூஞ்சிய ஆசைதீரப் பாக்கலாம்னு இருந்தேனேடி..."

ஊசியக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பிரித்துத் தைக்க இன்னும் மூன்று மாதம் வேண்டும். இருப்பதோ இருபது நிமிடம். பல்லைக் கடித்துக்கொண்டு சட்டத்தைக் கழற்றி, இதுவரை யார் கண்ணுக்கும் காட்டாத பின்பக்கத்தைத் திருப்பினாள். மச்சம் இடது கன்னத்துக்கு வந்துவிட்டது. கூடவே மூக்கிலிருந்து நாலு நூல், காதிலிருந்து ஒரு கொத்து.

"பாக்காதீங்க அண்ணி, இதோ வெட்டிடறேன்," என்று கத்தரிக்கோலை எடுத்தாள்.

"தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்!" அண்ணி பாய்ந்து தடுத்தாள். "முப்பது வருஷம் அந்த மூக்கு முடிய வெட்டச் சொல்லி நான் கத்தாத கத்தா? வெட்டினாரா மனுஷன்? இது அவரேதான்டி!"

சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணும் வழிந்தது.

"அப்போ நான்?" என்றார் கொழுந்தன்.

"நீ சுவத்தப் பாத்துக்கிட்டு இரு. உன் முறை வரும்போது திருப்பி மாட்டிக்கலாம்."

கொழுந்தன் குனிந்து அந்தப் பிஸ்கட்டை எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டார். உயிரோடு இருப்பவருக்குப் பசிக்காதா, நீங்களே சொல்லுங்கள்.