நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்

அவள் மருமகளாக வந்தபோது அது ஒரே வீடாகத்தான் இருந்தது. மேட்டில் பேரிக்காய், ஆப்பிள் மரங்கள். சரிவில் திராட்சைத் தோட்டம். நடுவில் மூன்று தலைமுறை கண்ட கல் வீடு. மாமனார் கண்ணை மூடியதும் பாகப்பிரிவினைப் பேச்சு வந்தது. அவள் கணவர், பெரியவர், விடாக்கண்டன் என்றால் கொழுந்தன் சின்னவர் கொடாக்கண்டன். மரங்கள் அண்ணனுக்கு, கொடிகள் தம்பிக்கு என்று ஒருவழியாக முடிந்தது. வீட்டில்தான் முட்டிக்கொண்டது.

“பிள்ளை குட்டி இல்லாதவங்களுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு?” என்று சின்னவர் கேட்டுவிட்டார்.

கொட்டிய பாலை அள்ள முடியுமா? மறுநாள் பெரியவர் செங்கல் வாங்கி வந்து, கூடத்தின் நடுவே தன் கையாலேயே சுவர் எழுப்பினார். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவே இல்லை. சின்னவரின் மனைவி செத்தபோதும் பேசவில்லை. பெரியவர் போய்ச் சேர்ந்தபோது சின்னவர் வந்தார். கூட்டத்தின் கடைசியில் நின்றார். அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

அடுத்து வந்த குளிர்காலத்தில் சரிவிலிருந்து கத்தரிச் சத்தமே கேட்கவில்லை. குளிர் முடிவதற்குள் கொடிகளை வெட்டிக் கவாத்து செய்தாக வேண்டும். விட்டால் இலை மண்டும், கொத்துப் பிடிக்காது. ‘நமக்கென்ன வந்தது’ என்று ஒரு வாரம் இருந்து பார்த்தாள். மனசு கேட்கவில்லை. வேலியைச் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தவருக்கு மூச்சு வாங்கியது. விரல்களெல்லாம் வீங்கியிருந்தன.

“அண்ணி... நீங்களா?”

“கத்தரி எங்க இருக்கு?”

“நான் அன்னைக்குச் சொன்னது...”

“அதைப் பேச நான் வரல. கத்தரியை எடு.”

புது மருமகளாக இருந்த காலத்தில் இரண்டு சகோதரர்களோடும் சேர்ந்து வெட்டிய கைதான், மறந்துபோகவில்லை. அவள் வரிசை வரிசையாக வெட்டிக்கொண்டு போக, சின்னவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “பிள்ளை இருந்து மட்டும் நான் என்னத்தைக் கண்டேன் அண்ணி?” என்றார் ஒருநாள். மகன் எங்கோ ஒரு கப்பலில் சமையல்காரன். வருஷத்துக்கு ஒருமுறை போன் வரும்.

இதயம் பலவீனமாகிவிட்டது, தனியாக விடாதீர்கள் என்றார் டாக்டர். வெந்நீர் கொடுக்கவும் வேலியைச் சுற்றித்தான் ஓட வேண்டியிருந்தது. சுவரை இடிக்க அவளே கொத்தனாரைக் கூப்பிட்டாள்.

சம்மட்டியை ஓங்கிய கொத்தனார் அலுத்துக்கொண்டார். “யாரும்மா கட்டுனது? சிமெண்ட்டுல தண்ணிக்குப் பதிலா கோபத்தை ஊத்திக் குழைச்சிருக்காரு!”

சின்னவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் அழுகையானது. அவள் முதுகைத் தடவிக் கொடுத்தபடி நின்றாள். இந்தச் சிரிப்பைக் கேட்கப் பெரியவர் இல்லையே என்றுதான் அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

திராட்சை நிறம் மாறத் தொடங்கியபோது சின்னவருக்கு நினைவு தப்பியது. கண்ணை மூடியபடியே ஓயாமல் பேசினார். எல்லாம் ஒரே பேச்சுதான். “அண்ணா, ஏணியைப் பிடிச்சுக்கோ. விட்டுடாதே, அண்ணா.” நான்காம் நாள் அந்தக் குரலும் அடங்கியது.

அடக்கம் முடிந்து ஒன்றரை மாதம் கழித்துத்தான் கப்பலிலிருந்து மகன் வந்து சேர்ந்தான். நெடுநெடுவென்று, அவன் அப்பா சாயல். பழுத்த கொத்துகளுக்கு நடுவே, கையை எங்கே வைப்பதென்று தெரியாதவன்போல நடந்தான்.

“எனக்கு இது எதுவும் வேண்டாம் பெரியம்மா. நீங்களே வச்சுக்கோங்க.”

“என் காலத்துக்கு அப்புறம்?”

அவன் கீழே உதிர்ந்து கிடந்த பழத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு நடந்தான். அவள் வற்புறுத்தவில்லை.

கிளம்பும்போது வாசலில் பையைத் தோளில் மாட்டியவன் தயங்கினான். “கடைசியில அப்பா... என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?”

நாலு நாளும் அவள் பக்கத்திலேயே இருந்தாள். ஒருமுறைகூட மகன் பெயர் அவர் வாயில் வரவில்லை.

“உன்னைத்தான்டா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. வேற பேச்சே இல்ல.”

அவன் அங்கேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அவன் தலையில் கை வைத்தபடி, அழுது முடியட்டும் என்று நின்றாள்.

பஸ் வளைவில் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். மேல் வரிசைகளைக் குருவிகள் பாதி தின்றுவிட்டிருந்தன. மீதிப் பழங்களைப் பறிக்க ஆரம்பித்தாள்.