ஐனோவுக்குப் பதினேழு வயது

வியாழக்கிழமை ரஹத் மேடம் போன் செய்தார். வெளிநாட்டுப் பிள்ளைகளை அழைத்துவந்து எங்கள் ஊர் வீடுகளில் ஒரு வருஷம் தங்கவைத்துப் படிக்கவைக்கும் சங்கத்துக்காரர்.

"ரோசா, மனசுல எடுத்துக்காதீங்க. ஐனோ வேற வீடு கேட்டு எழுதியிருக்கா. சனிக்கிழமை அவ பிறந்தநாளுக்கு வர்றேன்ல, விருந்து முடிஞ்சதும் அவகிட்ட நேர்லயே கேட்டு முடிவு பண்ணிடலாம்."

மனசில் எடுத்துக்கொள்ளாமல் வேறு எங்கே எடுத்துக்கொள்வதாம்? பின்லாந்திலிருந்து அவள் வந்து இரண்டே மாதம். எங்கள் மலையூர் நாரின் கைக்குட்டை அளவுதான். நாளைக்கு அவள் பெட்டியோடு இன்னொரு வீட்டு வாசலில் போய் இறங்கினால் கடைத்தெருவில் நான் எப்படித் தலைகாட்டுவது? அது கூடப் போகட்டும். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

அப்படி என்ன குறை வைத்தேன்? அடுப்புச் சுவரை ஒட்டிய கதகதப்பான அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, என் மகள் மீரிமைக் கூடத்தில் படுக்கவைத்தேன். கறியில் நல்ல துண்டு முதலில் அவள் தட்டுக்குத்தான். ஒரு கோப்பையைக்கூடக் கழுவ விட்டதில்லை. எழுந்தால் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிடுவேன். விருந்தாளியை வேலை வாங்கினால் வீட்டுக்காரிக்கு என்ன மரியாதை?

"உன் சமையல்தான் பிடிக்கலையோ என்னவோ" என்றார் என் வீட்டுக்காரர் எர்மெக்.

"நீங்க வாயை மூடிக்கிட்டு ஆட்டை வாங்கிட்டு வாங்க" என்றேன்.

சனிக்கிழமை மதியம் கூடம் நிறைந்துவிட்டது. வகுப்புத் தோழிகள் ஐந்து பேர், அக்கம்பக்கத்தார், ரஹத் மேடம், எர்மெக்கின் அக்கா புருல். வாசலுக்கு நேரெதிரே, பெரியவர்கள் உட்காரும் மேலிடத்தில், இரண்டு மெத்தை போட்டு ஐனோவை உட்காரவைத்தேன். இடுப்பெலும்புக் கறியையும் அவளுக்கே வைத்தேன்.

"முப்பது வருஷமா அந்த எலும்பு எனக்குத்தான் வரும்" என்றார் புருல் அண்ணி. "பரவாயில்ல. பல்லு போனவளுக்குச் சூப்பே போதும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சை முடிவைப் பார்க்கிற மாதிரி ஐனோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேக்கின் மெழுகுவத்திகளை ஊதினாள். ஒவ்வொருவராக எழுந்து நீட்டி முழக்கி வாழ்த்தியபோது தலையாட்டினாள். கறியைத் தொடவே இல்லை. ரஹத் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபோதெல்லாம் எனக்குப் பகீரென்றது.

வாசல் பக்கம் உட்கார்ந்து மீரிம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் எதுவோ பொங்கி வழியும் சத்தம் கேட்டது. "போய்ப் பாருடி, தூங்குமூஞ்சி!" என்று அவளை விரட்டினேன். திரும்பிப் பார்த்தால் மேலிடம் காலி! ஐனோ மீரிமின் இடத்தில் உட்கார்ந்து கெண்டியைத் தூக்கிவிட்டாள். முதல் கோப்பை புருல் அண்ணிக்கு. விளிம்புவரை.

எங்கள் ஊரில் அரைக் கோப்பை ஊற்றினால்தான் அன்பு. ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். அண்ணியின் புருவம் நெற்றிக்கு ஏறியது. அடுத்தது ரஹத் மேடத்துக்கு. அதுவும் தளும்பத் தளும்ப! எனக்கு அந்தக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ.

"ஏண்டி, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? வந்தவங்களை வெளிய போன்னு சொல்ற மாதிரி ஊத்துறியே! அரைக் கோப்பைதான் ஊத்தணும்னு ரெண்டு மாசமா பார்த்தும் தெரியலையா? மண்டையில என்னதான் இருக்கு?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறந்தநாள் அதுவுமாக, இத்தனை பேர் முன்னால், அந்த மேடத்தை வைத்துக்கொண்டே! முடிந்தது, பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

ஐனோ தலை குனிந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பக்கத்தில் ஓடினேன். நிமிர்ந்தாள். கண் நிறையத் தண்ணீர், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இந்த வீட்டுல மீரிமை ஒரு நாளைக்குப் பத்து தடவை திட்டுவாங்க" என்றாள், வார்த்தை வார்த்தையாகத் தேடி. "அப்புறம் அவளைக் கட்டிப்பிடிச்சுப்பாங்க. எனக்குக் கறி மட்டும்தான். எப்ப கிளம்புவேன்னு எல்லாரும் காத்திருக்காங்கன்னு நினைச்சேன். அதான் எழுதினேன்."

மரியாதை மரியாதை என்று அந்தக் குழந்தையை இத்தனை நாள் தள்ளியே வைத்திருக்கிறேனே, எனக்கு என்ன புத்தி!

புருல் அண்ணி கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தியபடி கேட்டார்: "அதெல்லாம் சரி. வழிய வழிய ஊத்திட்டியே. இப்ப நான் கிளம்பணுமா, இருக்கணுமா?"

ஐனோ அந்தக் கோப்பையை வாங்கினாள். பாதியை வேறு கோப்பையில் சாய்த்துவிட்டு, மீதியை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"இருங்க" என்றாள். "நானும் இருக்கேன்."