அங்கே அரசாங்கம் மாறட்டும்

...மாறித்தான் விட்டதே, மாறி ஒரு வருசமும் போய்விட்டதே, இன்னும் அதைப் பற்றி என்ன பேச்சு என்று மேரிறோஸ் அக்காவிடம் கேட்க வேண்டும் போல் இருக்கிறது, ஆனால் என் பல்லுக்கு இடையில் நூல், புருவம் எடுக்கும்போது நூலின் ஒரு முனையைக் கடித்துப் பிடித்திருப்பவள் என்னத்தைக் கேட்பது... கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, தன் இமையைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் லண்டன் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். பிரான்சில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலுக்குக் கூசேன்வில்லில் இருந்து ரெயின் ஏறி என் கடைக்குப் புருவம் எடுக்க வருகிற மனுசி, எயார்போட்டில் வேலை, வாய்க்கு மட்டும் லீவு கிடையாது. "முந்தி இருந்தவங்கள் சரியில்லை எண்டு துரத்திப்போட்டு இவங்களைக் கொண்டந்து வைச்சுதுகள் சனம். இவங்கள் வந்த கையோடை கிழடுகளுக்கு வீடு சூடாக்கக் குடுத்த குளிர்காலக் காசிலை கையை வைச்சாங்கள். அங்கை இருக்கிற என்ரை தம்பி இவங்களுக்கு வீடு வீடா நோட்டீஸ் குடுத்துத் திரிஞ்சவன் பிள்ளை, இப்ப பேரைச் சொன்னாலே எழும்பிப் போறான்." ம், ம் என்கிறேன். நல்லதுதான், பேச வேண்டியதில்லை. இன்று பின்னேரம் என் மனுசன் லண்டனை விட்டு ஒரேயடியாக வருகிறார் என்று அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அட சந்தோசமான விசயமெல்லே என்பாள், நான் ஓம் என்று சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பை எங்கே போய்த் தேடுவேன்?

என் மனுசன் ஜோன்சன் லண்டன் போனது கொரோனாவுக்கு முந்திய வருசம். பிரெஞ்சுப் பாஸ்போட் வைத்திருந்த எங்கள் சனம் பாதி அப்போது அங்கேதான் ஓடியது, ஐரோப்பாவை விட்டு விலகி லண்டன்காரர் கதவு பூட்டப் போகிறார்கள், பூட்ட முதல் உள்ளே போய்விட வேண்டும், பிள்ளைகள் இங்கிலிஸில் படிக்க வேண்டும்... எங்களுக்குப் பிள்ளை இல்லை, பிறக்கப்போகிற பிள்ளைக்காக இவர் முன்கூட்டியே போனார். ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை, ஹறோவில் ஒரு அறை. நீர் பின்னாலை வாரும் என்றார். நான் போனேனா? முதலில் கொரோனா, அதற்கு யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. பிறகு கடை, இப்போதுதான் ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள், விட்டுவிட்டு எப்படி வருவது... பிறகு ஒருநாள் அவர், வீடு பார்த்துவிட்டேன், மனைவியைக் கூப்பிட எனக்கு இன்னும் வழி இருக்கிறது, வாரும் என்று போனில் சொன்னபோது என் வாயில் இருந்து அந்த வசனம் வந்தது. "அங்கை அரசாங்கம் மாறட்டும், பிறகு பாப்பம்." கடைக்கு வருகிற பெண்கள் யாரோ சொன்னதாக இருக்கும், லண்டன் நாறிப்போச்சு, வாடகை ஏறிப்போச்சு, இவங்கள் இருக்கும்வரை உருப்படாது என்று. நல்ல வசனம். அவரை நோகடிக்காத, அவருடைய தாயைக்கூட நோகடிக்காத வசனம். அவரும் பிடித்துக்கொண்டார். இங்கே நாங்கள் இருந்த பொண்டியில் மேயர் யார் என்றே தெரியாமல் வருசக்கணக்காக இருந்த மனுசன், அங்கே ஒவ்வொரு பிரதமரும் போகப் போக எனக்குப் போன் அடிப்பார், ஜெனி, இவனும் துலைஞ்சான் என்று. கட்சியே போய்விட்டால் நான் போகவேண்டி வரும். பொண்டி வீட்டில் என் தலையணை, என் தேத்தண்ணி, கட்டிலில் குறுக்கே படுக்கிற சுகம், யன்னலைப் பூட்டும் என்று சொல்ல ஆள் இல்லாத இரவு... ஞாயிறு பூசையில் முழங்காலில் இருந்து, அந்தக் கட்சி தோற்கக் கூடாது மாதாவே என்று மன்றாடியிருக்கிறேன். பிரான்சில் இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் இங்கிலாந்துக்காரனின் கட்சிக்கு ஏன் மன்றாடுகிறாள் என்று மாதா யோசித்திருப்பா.

தோற்றார்கள். அந்த ஆடி மாத விடியற்காலை அவர் போனில் கத்தினார், மாறீட்டுது ஜெனி, மாறீட்டுது, குரல் உடைந்துவிட்டது, அழுகிறாரோ என்று நினைத்தேன். நான் ஓம் என்றேன். பெரிய வீடாப் பாக்கிறன் என்றார். அதற்கும் ஓம். போனை வைத்துவிட்டு கட்டில் நுனியில் இருந்து யோசித்தேன், இனி எதைச் சொல்வது, எதற்காகப் பொறுத்திருக்கச் சொல்வது... நான் தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை, புது அரசாங்கமே எனக்குக் கைகொடுத்தது. ஒவ்வொரு போனிலும் அவருடைய குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசந்துகொண்டு வந்தது. இவங்களும் அவங்கள்தான், உடுப்பு மட்டும்தான் வேறை. வேலைக்கு ஆள் வைத்திருந்தால் முதலாளி கட்டுகிற வரியைக் கூட்டினார்கள், பெற்றோல் ஷெட் முதலாளி ஆளைக் குறைத்தான், குறைந்த ஆள் இவர். "பாத்தீங்களோ, அவசரப்படாமல் இருந்தது நல்லதாப் போச்சு, இன்னும் கொஞ்சம் பொறுப்பம்" என்று எவ்வளவு இரக்கமாகச் சொன்னேன். லண்டனில் சொந்தக்காரர் இருக்கிற எல்லோரும் லாச்சப்பலில் மனம் நொந்து திரிந்தபோது நான் ஒருத்திதான் நிம்மதியாக நித்திரை கொண்டேன். போன கிழமை வரைக்கும். "எல்லாம் வெறுத்துப் போச்சு ஜெனி, நான் அங்கை வாறன்." இது என் யோசனையிலேயே இருக்கவில்லை. நான் போகாமல் இருக்கிற அளவுக்கு அந்த அரசாங்கம் கெட்டால் போதும் என்றுதான் இருந்தேன், அவர் திரும்பி வருகிற அளவுக்குக் கெட வேண்டும் என்று யார் கேட்டது?

"உண்மையைச் சொன்னா பிள்ளை," மேரிறோஸ் அக்கா மற்ற இமையை இழுத்துப் பிடிக்கிறாள், "சனம் இவங்களிலை ஆசைப்பட்டு வோட்டுப் போடேல்லை. மற்றவங்களிலை இருந்த வெறுப்பிலை போட்டது. அப்பிடி வந்தவங்கள் என்னத்தைச் செய்தாலும் பிடிக்கப் போறேல்லை." என் விரல் நின்றுவிடுகிறது, நூல் தோலைக் கிள்ளியிருக்க வேண்டும், நோகுதடி என்கிறாள். ம், ம். கலியாணத்துக்கு முதல் ஓல்னேயில் அண்ணையின் வீடு, அந்தச் சோபா, மூன்று குளிர்காலம் நான் படுத்தெழும்பிய சோபா, நான் குளிக்கப் போனால் வெளியே நின்று தொண்டையைச் செருமுகிற அண்ணி, விருந்தாளி வந்தால் குசினிக்குள் இருக்கச் சொல்லும் அண்ணை... கலியாணம் பேசி ஜோன்சனின் படத்தைக் கொண்டுவந்து காட்டியபோது நான் முகத்தைப் பார்த்தேனா? தனி வீடோ என்று மட்டும் கேட்டேன். தனி வீடுதான் என்றார்கள், சரி என்றேன். அந்தச் சரி யாருக்கு விழுந்த வோட்டு? அவருக்கா, சோபாவுக்கு எதிராகவா? அவர் குடித்தாரா, கை நீட்டினாரா, இல்லை. தண்ணீர் தொட்டுத் தலை சீவுவார், தோடம்பழம் உரித்தால் எனக்கு ஒரு சுளை கூடுதலாக வைப்பார். எந்த வாக்கை மீறினார்? யோசிக்க யோசிக்க ஒன்றும் அகப்படவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை, பாவமாக இருக்கிறது, இத்தனை வருசத்தில் அவருக்கென்று எனக்கு வந்த முதல் உணர்ச்சி இதுதானோ என்று நினைக்கப் பயமாகவும் இருக்கிறது.

கதவு திறக்கிறது, ரெயின் அதற்குள் வந்துவிட்டதா? கார் து நோர் ஸ்ரேசனில் இருந்து ஜோன்சன் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார். மெலிந்துவிட்டார், மீசையில் வெள்ளை விழுந்திருக்கிறது, போனில் பார்த்தபோது அது தெரியவில்லை. நான் தலையை ஆட்டுகிறேன், அவரும் ஆட்டிவிட்டு, கண்ணாடிக்கு எதிர்ப்பக்கக் கதிரையில் வாடிக்கையாளர் மாதிரி இருக்கிறார். மேரிறோஸ் அக்கா ஒரு கண்ணைத் திறந்து, உம்மடை அவரோ, லண்டனோ, என்ன மாதிரித் தம்பி அங்கத்தை நிலவரம் என்று எழும்பப் பார்க்கிறாள். "அதை விடுங்கோ அக்கா" என்று சிரிக்கிறார். அவள் புருவத்தைக் கண்ணாடியில் பார்த்து, காசைத் தந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து வாழ்த்திவிட்டுப் போகிறாள். கடைக்குள் நாங்கள் மட்டும். வெளியே மெத்ரோ பாலத்துக்கு மேலால் போகிறது.

"சாப்பிட்டீங்களோ?" என்கிறேன். ரெயினிலை பாண் சாப்பிட்டனான் என்கிறார். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டு, கோபமில்லாத குரலில், மெதுவாக, "ஒண்டு சொல்லுறன், கோவிக்காதையும். ஆர் வந்தாலும் நீர் அங்கை வரமாட்டீர் எண்டு எனக்குத் தெரியும். மாறின அண்டைக்கு விடியப்புறம் போனிலை உயிரில்லாமல் ஓம் எண்டீர், அப்பவே விளங்கீட்டுது. அதுக்குப் பிறகுதான் நான் அவங்களைத் திட்டத் தொடங்கினது. ஆரையெண்டாலும் திட்டவேணுமே" என்கிறார்.

அப்படியென்றால் ஒரு வருசமாக அந்தக் கசப்பு என்மேலா... நான் இரக்கப்பட்டு இரக்கப்பட்டுக் கேட்டது, பொறுப்பம் என்று ஆறுதல் சொன்னது... பெற்றோல் ஷெட்டும் வரியும் உண்மைதான், வேலை போனதும் உண்மைதான், ஆனால்... "அப்ப ஏன் வந்தனீங்கள்?" கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "தெரியேல்லை" என்கிறார், "வேலையும் இல்லை, வேறை எங்கை போறது?" நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். ஏதாவது சொல்ல வேண்டும். வாயைத் திறக்கிறேன், வருகிறது எல்லாம் லண்டன், அவங்கள் அடுத்ததாக என்ன செய்வாங்களாம், வாடகை இன்னும் ஏறுமாம்... அதை விட்டுவிட்டு இந்த மனுசனோடு எதைப் பேசுவது என்று தேடிப் பார்க்கிறேன், இத்தனை வருசத்தில் நாங்கள் வேறு எதையுமே பேசியதில்லை.