மரகதவல்லியின் முறை

அந்த ஊரில் பாடும் குரல் ஒன்றே ஒன்று. வாய்க்கால் தண்ணீரைப் போல அதை முறை வைத்துத்தான் விடுவார்கள். பாட ஆசைப்படுகிறவர்கள் சொந்தக் குரலை ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மரகதவல்லி ஒன்பது வருடம் காத்திருந்தாள். அன்று அவள் முறை. மேடையில் ஏற்றுகிற குத்துவிளக்கு அணைந்ததும் குரல் அடுத்தவளுக்குப் போய்விடும்.

காலையில் குரல் வந்து சேர்ந்தது. அவள் அதை வீணாக்கவில்லை. காப்பியில் சர்க்கரை இல்லை என்பதைக்கூட வழக்கம்போலக் கண்ணாலேயே சொன்னாள்.

கச்சேரி ஏற்பாடு அவள் கணவன் அழகியநம்பியின் தலையில். சபா மண்டபத்துக்கு ஒரு குணம் உண்டு. புரவலர்கள் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். ஒவ்வொருவரையும் மைக்கில் 'அவர்களே' என்று விளித்துப் பொன்னாடை போர்த்த வேண்டும். அதுவரை மேடை யாரையும் பாட விடாது.

புரவலர்கள் மூன்று பேர்தான். அரிசி ஆலை குழந்தைவேலு, நகைக்கடை சிங்காரம், டாக்டர் தேவகுஞ்சரி. ஒருவர் இருக்கும் இடத்தில் மற்றவர் மூச்சுக்கூட விடமாட்டார். காலில் விழாத குறையாகக் கெஞ்சி மூவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்திருந்தான் அழகியநம்பி. அதைப் பார்த்து அவனுக்கே கண் கலங்கியது.

விளக்கு ஏற்றினார்கள். அழகியநம்பி மைக்கைப் பிடித்தான்.

"அரிசி ஆலை அதிபர், கொடை வள்ளல், கல்விக் காவலர் குழந்தைவேலு அவர்களே!"

கதவு திறந்தது. கொடை வள்ளல் உள்ளே வந்தார். அச்சாகக் குழந்தைவேலுவின் முகம், தொப்பை மட்டும் சற்றுப் பெரிது. பின்னாலேயே கல்விக் காவலர். இருவரும் நாற்காலி தேடினார்கள்.

"எங்களைத் தனியா விளிக்கலையே தம்பி," என்றார் கொடை வள்ளல்.

"நீங்களும் அவரும் ஒருத்தர்தானேங்க?"

"அவரு அரிசி ஆலை. என்னை எப்பவாச்சும் ஆலைப் பக்கம் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. நாற்காலி போட்டார்கள். இடம் போதவில்லை என்று சுவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டது. சிங்காரத்தை விளித்ததும் அவர் பட்டங்கள் கூட்டமாக வந்தன. தனியாக வந்திருந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். அவருடைய பட்டங்கள் வேன் பிடித்து வந்து இறங்கின.

அழகியநம்பி பொன்னாடைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசை நெடுக நடந்தான். பாதி வழியில் ஒரு டீக்கடை வந்தது. வரிசையின் முனை அப்போதும் கண்ணுக்குத் தெரியவில்லை. போர்த்தி முடித்துத் திரும்பியபோது விளக்கில் எண்ணெய் அடியில் கிடந்தது.

"என்னங்க," என்றாள் மரகதவல்லி மேடையிலிருந்து.

அன்று அவள் செலவழித்த முதல் சொல் அது. கேட்ட தம்புரா யாரும் தொடாமலே ஒருமுறை மீட்டிக்கொண்டது.

"இதோ, ஆச்சு ஆச்சு!" என்றான் அழகியநம்பி. அவசரத்தில், அந்த ஊரில் மைக்கைத் தொட்ட எவனும் செய்யாத தப்பைச் செய்தான். "மற்றும் இங்கே வந்திருக்கும் அனைவரே!"

வரிசை நெடுகத் தலைகள் திரும்பின.

"மற்றும்னா யாரு?" என்றார் சிங்காரம்.

"என்னையா சொன்னான்?" என்றார் குழந்தைவேலு.

"என்னைப் பாத்துத்தான் சொன்னாரு," என்றார் டாக்டர்.

எல்லோரும் எழுந்தார்கள். ஆளுக்கொரு மூலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மூலைகள் இப்போது தொலைதூரத்தில் இருந்தன. அழகியநம்பி ஒவ்வொன்றுக்கும் ஓடினான். ஒரு மூலையைச் சமாதானப்படுத்தினால் அடுத்த மூலை கோபித்தது. எரிச்சலில் அவனுக்கு யாரையாவது கடித்து வைக்கலாம் போலிருந்தது.

"பாட விடுங்கய்யா!" என்று கத்தியே விட்டான். "ஒன்பது வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தவ! விளக்கு அணையப் போவுது. உங்க பேரு நாளைக்கும் இருக்கும். அவ குரல் இருக்காதுய்யா!"

மூலைகளிலிருந்து எல்லோரும் திரும்பிக் கை தட்டினார்கள்.

"வரவேற்புரைன்னா இதுதான்," என்றார் டாக்டர். "என்ன உருக்கம்!"

திருப்தியாக வந்து ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். குழந்தைவேலு மேடையைப் பார்த்துக் கையசைத்தார். "பாடச் சொல்லு தம்பி."

விளக்கு அணைந்தது.

மேடை ஓரத்தில் கூடையோடு தன் முறைக்குக் காத்திருந்த ஒருத்தி எழுந்து வந்தாள். மரகதவல்லியிடமிருந்து குரலை வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

மரகதவல்லி பாடத் தொடங்கினாள். உதடு மட்டும் அசைந்தது. ஒன்பது வருடம் வீட்டில் அந்த அசைவைப் பார்த்துப் பழகியவன் அழகியநம்பி. ஒரு வரியைக்கூட அவள் விடவில்லை. மைக்கில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. புரவலர்கள் தொடையில் தாளம் போட்டார்கள்.

"என்ன சாரீரம்!" என்றார் சிங்காரம். கொடை வள்ளல் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது தெருவிலிருந்து கேட்டது.

"பக்கத்துத் தெருவுக்கு இவ்வளவா கேப்பே? கொஞ்சம் கொறச்சுச் சொல்லுப்பா."

கூடைக்காரி கொண்டுபோன அந்தக் குரல்தான். 'கொறச்சு' என்ற இடத்தில் அது வளைந்து இறங்கியதைக் கேட்டு ஆட்டோக்காரன் இன்ஜினை அணைத்தான். மரகதவல்லியின் உதடு நின்றது. முகம் வாசல் பக்கம் திரும்பியது. கை மட்டும் மடியில் அந்தப் பேரத்துக்குத் தாளம் போட்டது.

டாக்டர் முகம் சுளித்தார். "யாருங்க வெளியில சத்தம் போடுறது? கச்சேரி நடக்குதில்ல? கதவைச் சாத்துங்க."

அழகியநம்பி மரகதவல்லியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் போய்க் கதவைச் சாத்தினான்.